சாம்பார் வாளியும் சில சந்தேகங்களும்



பேரவை ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் குழுவில் கேட்டார்கள். கவிதை என் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அதற்கு சிவில் டிபார்ட்மெண்டில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் எழுத வந்தது பிளாஸ்டிக் டப்பாவைப் பற்றி. ‘இதுல எழுத என்னடா இருக்கு?’ என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். காலையில் கவரில் கட்டிய டீ, மதியம் டிபன் டப்பா, ராத்திரி பார்சல் சாம்பார் என்று மூன்று வேளையும் நம் வயிற்றுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உறவு இருந்துகொண்டுதான் இருக்கிறது. அதில் பயப்பட வேண்டியது எது, சும்மா கிளப்பிவிட்ட பீதி எது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். நானும் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. நாளைக்கு நம்மில் பாதிப்பேர் ஏதோ ஒரு மோல்டிங் மெஷின் முன்னால் நிற்கப்போகிறவர்கள். நமக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியப்போகிறது?

என் அக்கா ஆதம்பாக்கத்தில் குடியிருக்கிறாள். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் விடுதிச் சாப்பாட்டுக்கு லீவு விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். அப்படி ஒரு ஞாயிறு போனபோது பிரிட்ஜில் பிரீசர் துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது.

“என்னக்கா, பிரிட்ஜ் ரிப்பேரா?”

“இல்லடா. பிளாஸ்டிக் டப்பாவ பிரீசர்ல வெச்சா டையாக்சின்னு ஒரு விஷம் எறங்குதாம். புத்துநோய் வருமாம். அமெரிக்காவுல பெரிய யூனிவர்சிட்டியே சொல்லிடுச்சாம். இந்தா, வாட்ஸ்அப்புல வந்திருக்கு பாரு. நீதான் டிப்ளமா படிக்கிறியே, நெசமா பொய்யா சொல்லு.”

இதைக் கேட்டுக்கொண்டே அவள் கை என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ரசத்தை, ஆவி பறக்கப் பறக்க, ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி மூடிக்கொண்டிருந்தது. மாமாவுக்கு நைட் ஷிப்ட். ரசம் அதில்தான் போகும்.

அந்தச் செய்தியின் பூர்வீகத்தைத் தேடிப் பார்த்தேன். நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே, 2002 வாக்கில், ஈ-மெயிலில் கிளம்பிய சரக்கு அது. வழியில் யாரோ ஒரு புண்ணியவான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பெயரை அதில் ஒட்டிவிட்டார். பெயர் பெரிது, யார் சந்தேகப்படுவார்கள்? அந்தப் பல்கலைக்கழகமே 2004-இல் தன் விஞ்ஞானி ரோல்ஃப் ஹால்டனைப் பேசவைத்து, இது எங்கள் செய்தி அல்ல என்று தெளிவுபடுத்திவிட்டது. பிரீசர் விஷயத்தில் அவர் சொன்ன காரணம் நம் முதலாண்டு கெமிஸ்ட்ரி புத்தகத்தில் இருப்பதுதான்: குளிர்ந்தால் மூலக்கூறுகளின் ஓட்டம் மந்தமாகும். டப்பாவில் ஏதாவது இருந்து அது உணவில் இறங்க வேண்டுமானால், குளிர் அதற்குக் கைகொடுக்காது, தடைதான் போடும். சூடு விஷயத்தில் அவரே எச்சரிக்கையாகத்தான் பேசினார். ஆனால் அந்தப் பாதி மட்டும் வாட்ஸ்அப்பில் ஏறுவதே இல்லை.

டையாக்சினுக்கு வருவோம். அது உருவாகக் குளோரின் வேண்டும், நெருப்பும் வேண்டும். நம் வீட்டு டப்பாக்களில் பெரும்பாலானவை பாலிஎத்திலீனோ பாலிபுரோப்பிலீனோதான். இரண்டிலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான் சங்கிலி, குளோரின் கிடையாது. பிரீசரில் நெருப்பும் கிடையாது. ஆக, அக்காவின் தோசை மாவு டப்பா நிரபராதி.

அதற்காக டையாக்சினே கட்டுக்கதை என்று நினைத்துவிடாதீர்கள். அது நமக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. எங்கே என்று கேளுங்கள்: பெருங்குடியில்! பி.வி.சி. ஒயரும் பைப்பும் மற்ற குப்பையோடு சேர்ந்து திறந்த வெளியில் எரியும்போது டையாக்சின் பிறக்கிறது. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இந்தியா, கம்போடியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் குப்பைமேடுகளுக்கு அருகில் வாழும் தாய்மார்களின் தாய்ப்பாலைச் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். இந்தியாவில் அவர்கள் எடுத்துக்கொண்ட இடம் பெருங்குடி. அங்கே தாய்ப்பாலில் டையாக்சின் வகைச் சேர்மங்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக இருந்தன. எப்படி வந்தது என்று துருவியதில் அவர்கள் கைகாட்டியது பசும்பாலை. குப்பைமேட்டில் மேய்ந்த மாடு, அந்த மாட்டின் பால், அதைக் குடித்த தாய், அவளிடம் குடித்த பிள்ளை. படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. அதே மேடு 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. போகி அன்றைக்குப் பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்திவிட்டு, மறுநாள் பிரீசரைக் காலி செய்கிறோம் நாம். நல்ல கூத்து!

பிரீசரில் ஆபத்து டப்பாவுக்குத்தான். சாதாரண பாலிபுரோப்பிலீன் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போனால் விறைத்து, தட்டினால் உடைகிற மாதிரி ஆகிவிடும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பெருக்கும். விளிம்பு வரை நிரப்பினால் விரிசல் விடும். கொஞ்சம் இடம் விட்டு நிரப்பினால் போதும். உறைந்ததை வெளியே எடுத்து அதே டப்பாவோடு சூடாக்கத் தொடங்கும்போதுதான் கதை மாறுகிறது.

கிண்டி தொழிற்பேட்டை 1958-இல் தொடங்கியது. நாட்டின் முதல் சில தொழிற்பேட்டைகளில் ஒன்று என்று நம் சார்கள் பெருமையாகச் சொல்வார்கள். போன வருஷ லீவில் அங்கே ஒரு பட்டறையில் எனக்கு ஒரு மாதப் பயிற்சி. இஞ்செக்ஷன் மோல்டிங். வாளி, மக், டப்பா, மூடி எல்லாம் அங்கேதான் பிறக்கும். ஹாப்பரில் குருணையைக் கொட்டினால் உள்ளே 200 டிகிரிக்கு மேல் உருகி, அச்சுக்குள் பாய்ந்து, ஆறி, ‘டக்’கென்று வாளியாக விழும். பார்க்க அவ்வளவு அழகு! நான் பிளாஸ்டிக்குக்கு எதிரி இல்லை. ஊசி, குளுக்கோஸ் பாட்டில், நாம் போட்டிருக்கும் ஹெல்மெட் எல்லாம் இல்லாமல் இன்றைக்கு யார் வாழ முடியும்? ஆனால் அந்தப் பட்டறையில் ஒன்று கவனித்தேன். டப்பாவுக்குப் புதுக் குருணை மூட்டை பிரிப்பார்கள். வாளிக்கும் மக்குக்கும் வேறு மூட்டை வரும். அரைத்த பழைய சாமான். அதோடு உருக்கிக் குருணையாக்கிய ஸ்கிராப். பெயிண்ட் டப்பாவா, பூச்சிமருந்து கேனா, பேட்டரிக் கூடா, எது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. கலர் கலராக இருக்கும். அதை ஒரே கறுப்பாகவோ கரு நீலமாகவோ மாற்ற ஒரு பிடி மாஸ்டர்பேட்ச்.

மெஷின் ஆபரேட்டர் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, வாளி கறுப்பா இருந்தா கேள்வி கேக்காத. கறுப்பு எல்லாத்தையும் மூடிடும்.”

அவர் மேல் குற்றமில்லை. குளிக்கிற வாளிக்கு அது போதும். அந்த வாளியில் ஒருவர் கொதிக்கிற சாம்பாரை ஊற்றுவார் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். சட்டமும் இதைச் சொல்லாமல் இல்லை. மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் உணவை வைக்கவோ கட்டவோ கூடாது என்று மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருந்தது. இன்றைக்கும் உணவுக்கென்று முறையாக அனுமதி பெறாத மறுசுழற்சிச் சரக்கு உணவுப் பக்கமே வரக்கூடாது.

சரி, நல்ல சரக்கிலேயே செய்த டப்பா என்றால்? இங்கேதான் கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் நீளநீளமான இழைகள்தான் பாலிமர். இழை மிகப் பெரியது; அது சாம்பாரில் கரைந்து வரப்போவதில்லை. ஆனால் இடியாப்பத்தின் மேல் சர்க்கரை தூவுகிறோம் இல்லையா, அந்த மாதிரி இழைகளுக்கு நடுவே சில்லறைச் சாமான்கள் இருக்கின்றன. வெயிலில் கெடாமல் இருக்க ஒன்று, வளைய ஒன்று, கலருக்கு ஒன்று, கவர் ஒட்டாமல் வழுக்க ஒன்று. அதுபோக, இழையாகச் சேராமல் மிச்சம் நின்ற மூலப்பொருள் கொஞ்சம். இவை இழையோடு கட்டிப்போடப்பட்டவை அல்ல. சூடு ஏறினால் இழைகள் ஆட ஆரம்பிக்கும், இடைவெளி கூடும், சில்லறை நகரும். வெளியே எண்ணெய் இருந்தால் அதில் இன்னும் சுலபமாகக் கரையும். புளிப்பு இருந்தால் அது வேறு விதத்தில் இழுக்கும். நேரம் கூடக்கூட இறங்குவதும் கூடும். சூடு, எண்ணெய், புளி, நேரம்... சாம்பாரைத் தவிர வேறு எந்தப் பதார்த்தத்துக்கு இந்த நாலும் ஒன்றாகப் பொருந்தும், சொல்லுங்கள்?

நம்பிக்கை வரவில்லை என்றால் உங்கள் டிபன் டப்பாவைப் பாருங்கள். சாம்பார் சாதம் கொண்டுபோன டப்பாவில் மஞ்சள் கறை ஏறி, சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாமல் இருக்கிறதா? அது மேலே ஒட்டிய அழுக்கு இல்லை. மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரைந்து, அந்த எண்ணெயோடு பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது. வெயிலில் ஒரு நாள் காயவைத்தால் கறை வெளிறிவிடும். வெயில் அந்த நிறத்தைச் சிதைத்துவிடும். நான் சொல்ல வந்தது அதுவல்ல. உள்ளே போக வழி இருக்கிறது என்றால் வெளியே வரவும் அதே வழிதான். ஆறிய தயிர்சாதம் கொண்டுபோகிற டப்பாவில் இப்படிக் கறை பிடிப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

எவ்வளவு வெளியே வருகிறது என்று அளக்க முறை இருக்கிறது. அளக்கிற இடமும் நம் கிண்டியிலேயே இருக்கிறது. 1968-இல் ஆரம்பித்த சிப்பெட். பெயரில் பிளாஸ்டிக்ஸ் போய் பெட்ரோகெமிக்கல்ஸ் வந்துவிட்டது. நமக்கு என்றைக்கும் சிப்பெட்தான். நம் சீனியர் அண்ணன் ஒருவர் டிப்ளமா முடித்துவிட்டு அங்கே மோல்டு டிசைனில் போஸ்ட் டிப்ளமா செய்தார். அவர்தான் இந்தச் சோதனையைப் புரியவைத்தார். இந்தியத் தர நிர்ணயம் 9845 என்று அதற்கு ஒரு எண். டப்பாவிலிருந்து ஒரு துண்டை வெட்டி, உணவுக்குப் பதிலாக ஒரு திரவத்தில் போடுகிறார்கள். புளிப்பான பதார்த்தத்துக்குப் பதில் நூற்றுக்கு 3 பங்கு அசிட்டிக் அமிலம். எண்ணெய்ப் பதார்த்தத்துக்குப் பதில் ஹெப்டேன். உணவு சூடாகப் படுமா, ஆறிப் படுமா, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து வெப்பமும் நேரமும் மாறும். பிறகு திரவத்தை ஆவியாக்கிவிட்டு, மிஞ்சியதை நிறுக்கிறார்கள். ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் இறங்கக் கூடாது. 2018-ஆம் ஆண்டு உணவுப் பொட்டல விதிகளும் இதே வரம்பைத்தான் சொல்கின்றன.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. 40 டிகிரியில் 10 நாள் வைத்துத் தேறிய பாத்திரம், 100 டிகிரியில் தேறும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. எந்த வேலைக்குச் செய்தார்களோ அந்த வேலைக்குத்தான் சர்ட்டிபிகேட்! ஐஸ்கிரீம் டப்பா ஐஸ்கிரீமுக்குப் பாஸ். கொதிக்கிற ரசத்துக்கு அது பரீட்சையே எழுதவில்லை. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் 70, 80 டிகிரியிலேயே இளகிவிடும். அதனால்தான் வெந்நீர் ஊற்றினால் பாட்டில் சுருங்கி நெளிகிறது. அந்தப் பிளாஸ்டிக்கைத் தயாரிக்கும்போது சேர்க்கிற ஆன்டிமனி கொஞ்சம் அதிலேயே தங்கியிருக்கும். சூடு கூடினால் அது தண்ணீரில் இறங்குவதும் கூடும். கேரி பேக் கவர் 110 டிகிரி வாக்கில் உருகும். சாம்பார் 90, 95. உருகாது, இளகும். ஆனால் எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேரே எடுத்த பஜ்ஜி 170 டிகிரி எண்ணெயில் வெந்தது. பாலிபுரோப்பிலீனே 160-ஐ ஒட்டி உருகிவிடும். அப்புறம் கவர் எம்மாத்திரம்? டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண், அது எந்த இனம் என்று குப்பை பிரிப்பவருக்குச் சொல்ல 1988-இல் அமெரிக்காவில் கொண்டுவந்தது. 5 என்று போட்டிருந்தால் பாலிபுரோப்பிலீன். சூடு தாங்கும் இனம்தான். ஆனாலும் எண் ஒன்றே உணவுக்கு உத்தரவாதம் என்று சிலர் நினைப்பது தப்பு. அந்தக் கறுப்பு வாளியிலும் 5 என்று போட்டு அச்சு செய்யலாமே! டம்ளரும் முள்கரண்டியும் படம் போட்டிருந்தால் அதுதான் உணவுக்கானது என்ற அடையாளம்.

அக்காவின் கைக்குழந்தை விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே கவலை. அவள் வேலைக்குப் போனால் மாமியார்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். பவுடர் பாலை பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, பிளாஸ்கிலிருந்து சுடச்சுட வெந்நீர் ஊற்றிக் குலுக்குவார். பாட்டிலில் ‘பி.பி.ஏ. இல்லாதது’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. பாலிகார்பனேட் பாட்டிலிலிருந்து இறங்கும் பிஸ்பினால்-ஏ ஹார்மோன் வேலையில் தலையிடும் என்ற பயத்தில் ஐரோப்பாவில் 2011-இல் பால் பாட்டிலில் அதைத் தடை செய்தார்கள்; இந்தியத் தர நிர்ணயமும் 2015-இல் பாலிகார்பனேட்டை விலக்கியது; 2024 டிசம்பரில் ஐரோப்பா உணவு படும் பொருட்கள் எல்லாவற்றுக்குமே தடை கொண்டுவந்தது. நல்லது. ஆனால் பாலிகார்பனேட் போன இடத்தில் பாலிபுரோப்பிலீன் வந்து உட்கார்ந்தது. டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்காரர்கள் 2020-இல் அந்தப் பாட்டில்களைச் சோதித்தார்கள். 25 டிகிரித் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் லிட்டருக்கு 6 லட்சம் பிளாஸ்டிக் துகள்கள். 95 டிகிரியில் 5 கோடியே 50 லட்சம்! அதே பாட்டில், அதே தண்ணீர். சூடு மட்டும்தான் வேறு.

இந்தத் துகள் உடம்புக்குள் போய் என்ன கெடுதல் செய்கிறது என்று தீர்ப்புச் சொல்லப் போதிய ஆதாரம் சேரவில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. ஆகவே யாரையும் பயமுறுத்துவதற்கு இதை எழுதவில்லை. ஆனால் அந்த ஆய்வாளர்களே ஒரு செலவில்லாத வழியைச் சொல்லியிருக்கிறார்கள். எவர்சில்வர் பாத்திரத்திலோ கண்ணாடியிலோ பாலைக் கலக்கி, குடிக்கிற சூட்டுக்கு ஆறியபின் பாட்டிலுக்கு மாற்றுவது; கொதிக்கவைத்துக் கழுவிய பாட்டிலை, காய்ச்சி ஆறிய தண்ணீரால் மூன்று தடவையாவது அலசுவது. மாமியாரிடம் இதை நான் சொல்லவில்லை, அக்கா சொன்னாள். “எங்க காலத்துல சங்குலதான் ஊத்துவோம், ஆத்திட்டுதான் குடுப்போம்; நீங்கதான் பாட்டில் பாட்டில்னு அலைஞ்சீங்க” என்று அவளுக்கே திருப்பி விழுந்தது. நியாயமான அடி!

இப்போது கவருக்கு வருகிறேன். தமிழக அரசு 2018 ஜூன் மாதம் ஆணை போட்டு, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது. உணவு கட்டும் தாள், பிளாஸ்டிக் தடவிய டீ கப், கேரி பேக், தெர்மாகோல் தட்டு எல்லாம் அதில் அடக்கம். 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் வந்தது. காரணமாகச் சொல்லப்பட்டது குப்பை, கால்வாய் அடைப்பு, மாடு தின்று சாவது. எல்லாம் சரிதான். ஆனால் அந்தத் தடை நம் வயிற்றுக்கும் நல்லது செய்தது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. கொதிக்கிற சாம்பாரைக் கவரில் ஊற்றி, ஒரு சுழற்று சுழற்றி, நூலால் கட்டித் தொங்கவிடும் வித்தை ஊரெல்லாம் இருந்ததே! பெரிய ஓட்டல்களில் அது போய் டப்பா வந்துவிட்டது. சின்னக் கடைகளில் வித்தை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பேப்பர் கப்புக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதிப்படவும் முடியாது. அதற்கு உள்ளேயும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும்; இல்லையென்றால் டீ ஒழுகிவிடுமே. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் 2020-இல் பார்த்தார்கள். 85, 90 டிகிரிச் சூட்டில் 100 மில்லி 15 நிமிஷம் அந்தக் கப்பில் இருந்தால் 25,000 நுண்துகள்கள். கண்ணாடி டம்ளரில் குடித்துவிட்டு நகருவதற்கு ஈடு எதுவும் இல்லை.

தொழிற்பேட்டையில் இதைக் குடிப்பது யார் என்று பயிற்சி மாதம் முழுவதும் பார்த்தேன். மேனேஜருக்குப் பீங்கான் கப்பில் போகும். ஷாப் ப்ளோரில் பத்து டீ ஒரே கவரில் வரும். கூடவே பத்து கப். ஏசி ரூமில் இருப்பவர் வீட்டு பிரீசரைப் பற்றிக் கவலைப்படுகிறார். கவர் டீ குடிப்பவருக்குக் கவலைப்பட நேரமே கிடையாது. மட்டமான பிளாஸ்டிக் யார் கைக்கு வருகிறதோ அவர்களுக்குத்தான் அது கொதிக்கக் கொதிக்க வருகிறது.

நம் விடுதி மெஸ்ஸிலும் இதுதான் நிலைமை. அண்டாவில் கொதித்த சாம்பார் ஒரு கரு நீல வாளிக்கு மாறி, அந்த வாளிதான் வரிசையாக நம் தட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கைப்பிடி ஓட்டையில் ஒரு கயிறு. அடியைத் திருப்பிப் பார்த்தேன். டம்ளர் படமும் இல்லை, எண்ணும் இல்லை. உட்புறம் சொரசொரவென்று வெளுத்துப்போயிருந்தது. பட்டறையில் பார்த்த அதே சாதி. பேரவைக் கூட்டத்தில் பேசினேன். முதலில் சிரித்தார்கள். ‘சாம்பார்ல பருப்பு இருக்கான்னு மொதல்ல பாருடா’ என்று ஒரு தோழர் குரல் கொடுத்தார். அதுவும் நியாயமான கோரிக்கைதான். பிறகு இரண்டு மஞ்சள் கறை டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டி விளக்கிய பிறகு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மெஸ்காரர் சொன்ன பதிலையும் மறைக்காமல் எழுத வேண்டும். “தம்பி, எவர்சில்வர் வாளி ஒண்ணு ஆயிரத்துச் சொச்சம் ஆவுது. அதுகூடப் பரவால்ல. பசங்க தூக்க முடியாது, கை சுட்டுடும். பிளாஸ்டிக்னா சுடாது.” பரிமாறுகிற பையன்களைக் கேட்டோம். அவர் சொன்னது உண்மை. ஒருத்தன் முன்கையைக் காட்டினான், பழைய எவர்சில்வர் வாளி உரசிய தழும்பு. ‘மாணவர் ஆரோக்கியம்’ என்று கோஷம் போட்டுவிட்டு அவன் கையைச் சுட வைப்பதா? அப்புறம் நம் மூளையைக் கொஞ்சம் கசக்கினோம். வாளியை முக்கால் நிரப்பாமல் பாதி நிரப்புவது. கைப்பிடிக்கு மரப்பிடி மாட்டுவது. மரப்பிடி நம் ஒர்க்‌ஷாப் லேத்திலேயே கடைந்து கொடுத்தோம். நான்கு வாளி சைதாப்பேட்டை பாத்திரக் கடையில் வாங்கியது. பாதிப் பணம் மெஸ், பாதி பேரவை. இரண்டு மாதம் இழுத்தடித்து, கடைசியில் வார்டன் சார் ஒரு நாள் பந்தியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். சாம்பாருக்கு இப்போது எவர்சில்வர் வாளிதான். கரு நீல வாளி கழுவுமிடத்துக்குப் போய்விட்டது. அதன் சொந்த வேலையை அது நன்றாகவே பார்க்கிறது. ரசத்துக்கு மட்டும் இன்னும் பழைய பிளாஸ்டிக் மக். எவர்சில்வர் மக் இரண்டு வாங்கினோம். இரண்டும் எங்கோ நடந்து போய்விட்டன. எடுத்த தோழர் இதைப் படித்தால் சந்தடியில்லாமல் வைத்துவிடவும். பெயர் கேட்க மாட்டோம்.

இனி பாக்கி இருப்பது பகுதி நேர டிப்ளமா வகுப்புத் தோழர்கள். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு மாலை ஆறு மணிக்கு ஓடி வருகிறவர்கள். வகுப்பு முடிவதற்குள் நம் மெஸ் மூடிவிடும். வெளியே தள்ளுவண்டியில் இட்லியும் கவர் சாம்பாரும்தான் அவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு. வண்டிக்கார அக்காவிடம் போய்ப் பேசினோம். “நான் வேணாம்னா சொல்றேன்? நீங்க தூக்கு கொண்டாங்க, ஊத்தித் தரேன். கவர் காசும் எனக்கு மிச்சம்” என்றார். தோழர்களோ, பட்டறையிலிருந்து நேரே வருகிறவர்கள், தூக்கு எங்கே தூக்கிக்கொண்டு வருவது என்கிறார்கள். அதுவும் சரிதான். அதனால் ஒன்று யோசித்திருக்கிறோம். முப்பது சின்ன எவர்சில்வர் தூக்கு வாங்கி, எண் அடித்து, நூலகத்துக்குப் பக்கத்து அலமாரியில் பூட்டி வைப்பது. நூறு ரூபாய் முன்பணம் கட்டினால் ஒன்று. சாப்பிட்டுக் கழுவி அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம். வருஷக் கடைசியில் பணம் திரும்பும். எண் அடிக்கும் பஞ்ச் நம் ஒர்க்‌ஷாப்பிலேயே இருக்கிறது. அலமாரிச் சாவி யாரிடம் இருப்பது என்பதில்தான் நூலகர் சாருக்கும் பேரவைக்கும் இன்னும் முடிவாகவில்லை. இதுவரை பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மீதிப் பேர் மெக்கானிக்கல் பிளாக் அறிவிப்புப் பலகையில் தொங்கும் தாளில் பெயரையும் வகுப்பையும் எழுதிவிடவும்.